சிவப்புக் கல்லுக்குள் ஒரு முக்கோணம்

குட்டி விஞ்ஞானிகளே, ஒரு கேள்வி. கருஞ்சிவப்பாக ஒரு கல் மினுமினுக்கிறது. அது என்ன கல்?

“மாணிக்கம்!” என்று பாதிப் பேர் கத்தியிருப்பீர்கள். “சிவப்பா இருந்தா மாணிக்கம்தானா மாமா?” என்று இழுத்தது யார்? அப்படிக் கேட்ட சுட்டி கொஞ்சம் முன்னால் வந்து உட்காரட்டும். இன்றைய கதை அவர்களுக்குத்தான்.

மியான்மர் நாட்டில் மொகோக் என்று ஓர் ஊர். மாணிக்கத்துக்குப் பேர்போன இடம். 1950-களில் ஆர்தர் பெய்ன் என்ற ஆங்கிலேயருக்கு அங்கே ஒரு சிவப்புப் படிகம் கிடைத்தது. அதை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எடை வெறும் 1.7 கிராம்.

அது மாணிக்கமா இல்லையா? சரி, நாமே சோதித்துப் பார்ப்போமா?

முதலில் கனம். மாணிக்கம், அதே அளவு தண்ணீரைவிட 4 மடங்கு கனம். நம் கல்லும் 4 மடங்குதான்! நிறமும் ஏமாற்றுகிறது, கனமும் ஏமாற்றுகிறது. பொல்லாத கல்!

அடுத்தது கீறல். எந்தக் கல் எதைக் கீறும் என்று பார்த்து 1 முதல் 10 வரை கடினத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். இதற்கு மோஸ் அளவுகோல் என்று பெயர். வைரத்துக்கு 10. மாணிக்கத்துக்கு 9. நம் கல்லுக்கு 8. அப்படியானால் மாணிக்கம் இதைக் கீறிவிடும், இது மாணிக்கத்தைக் கீறாது. முதல் துப்பு கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா?

இன்னொரு துப்பு ஒளியில் இருக்கிறது. இந்தப் படிகத்துக்குள் நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிந்து போகும். மாணிக்கமும் பிரிக்கும், ஆனால் மிகக் கொஞ்சமாக. இது அதைவிட மூன்று மடங்குக்கும் மேலாகப் பிரிக்கிறது. படிகத்தைத் திருப்பிப் பார்த்தால் நிறமும் மாறும். ஒரு பக்கம் நல்ல சிவப்பு, இன்னொரு பக்கம் வெளிறிய ஆரஞ்சுப் பழுப்பு.

ஆக, இது வேறு கல். 1957-இல் புதிய கனிமம் என்று அறிவித்து, கண்டெடுத்தவர் பெயரால் ‘பெய்னைட்’ என்று அழைத்தார்கள்.

வேறு கல் என்று தெரிந்தால் போதுமா? எந்தக் குடும்பத்துக் கல் என்று தெரிய வேண்டாமா? பச்சைத் தோல் மாம்பழம் என்ன ரகம் என்று நறுக்கிச் சுவைத்தால்தானே தெரியும்? கல்லுக்கும் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

பெய்னைட்டுக்குள் கால்சியம், அலுமினியம், போரான், ஆக்சிஜன் இருக்கின்றன. சிர்க்கோனியமும் இருக்கிறது. ஆனால் முதலில் சோதித்தவர்களிடம் சிர்க்கோனியம் சிக்கவே இல்லை! 1976-இல் மூர், அராக்கி என்ற இருவர் எக்ஸ்ரே கதிர்களை வைத்து அணுக்களின் அடுக்கை ஆராய்ந்தபோதுதான் அது அகப்பட்டது. பெரிய பெரிய அறிஞர்கள் கையில் ஏறத்தாழ இருபது வருஷம் ஒளிந்திருந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது குடும்பம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கால்சியம் இருப்பதால் ‘கால்சியக் குடும்பம்’ என்று சொல்லிவிட முடியாது. சுண்ணாம்புக்கல்லிலும் கால்சியம் உண்டு, ஜிப்சத்திலும் உண்டு. ஆனால் முன்னது கார்பனேட், பின்னது சல்பேட். கால்சியத்தோடு சேர்ந்திருக்கும் அணுக்கூட்டம் எது என்று பார்த்துத்தான் குடும்பம் பிரிப்பார்கள். பெய்னைட்டில் ஒரு போரான் அணு நடுவில் இருக்க, மூன்று ஆக்சிஜன் அணுக்கள் அதைச் சுற்றி முக்கோணமாக நிற்கின்றன. இந்த முக்கோணம் இருப்பதால் இது போரேட் குடும்பம். புரிந்ததா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

போரான் உங்களுக்குப் புதிய ஆள் இல்லை. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரில் அது இருக்கிறது. நகை செய்பவர்கள் பற்றவைக்கும்போது வைக்கும் வெண்காரமும் ஒரு போரேட்தான்.

இதே குடும்பத்தில் கோல்மனைட் என்றொரு கால்சியம் போரேட் இருக்கிறது. துருக்கியில் அதை டன் டன்னாக வெட்டி எடுக்கிறார்கள். பழங்கால உப்பேரிகள் வற்றிய இடங்களில் படிந்தது அது. அதற்குள் தண்ணீர் மூலக்கூறுகள்கூட உண்டு. கடினம் 4.5தான். போரான் அணுக்கள் ஆக்சிஜன் வழியாக ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாக நீள்கின்றன. பெய்னைட்டிலோ ஒவ்வொரு முக்கோணமும் தனித்தனி. தண்ணீரும் கிடையாது. பூமிக்குள்ளே கடும் வெப்பத்தில் உருவானது. ஒரே குடும்பம், ஆனால் பிறந்த இடம் எவ்வளவு வேறு!

“பெய்னைட் மட்டும் ஏன் அரிதாகக் கிடைக்கிறது?” என்கிறீர்களா? சபாஷ்! போரானும் சிர்க்கோனியமும் ஒரே பாறையில் சந்திப்பதே அபூர்வம். பல பத்தாண்டுகள்வரை உலகத்தில் இருந்த பெய்னைட் படிகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2005-இல் உலகிலேயே அரிய ரத்தினக் கனிமம் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. வேடிக்கையைப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே சமயத்தில் மொகோக் பக்கத்தில் புதிய இடங்களில் நிறையக் கிடைக்க ஆரம்பித்துவிட்டது! ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கன்னங்கரேலென்று, விரிசல் விட்டு இருக்கின்றன. பட்டை தீட்டி மோதிரத்தில் பதிக்கிற மாதிரித் தெளிவான பெய்னைட் வேண்டுமென்றால் இன்றைக்கும் தேடித் தேடி அலைய வேண்டியதுதான்.