ரோமாபுரி ஸ்திரீகளும் கெல்டிய ஸ்திரீகளும்

லண்டன் நகரில், பார்லிமெண்டு மண்டபத்திற்கு எதிரே, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் ஓரத்தில் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. இரண்டு குதிரைகள் பூட்டிய ரதத்தின்மீது கையில் ஈட்டியுடன் ஒரு ராணி. அவளுக்கு அருகே அவளுடைய இரண்டு குமாரத்திகள். கி.பி. 60 அல்லது 61-ல் ரோம ஏகாதிபத்தியத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த பௌடிக்காவின் உருவம் அது. அச்சிலை அங்கே நாட்டப்பெற்றது 1902-ம் வருஷத்தில். அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்னர்தான், அதே நாட்டாரின் ஆட்சி திலகர் மீது ராஜத்துவேஷக் குற்றம் சாட்டிச் சிறையிலிட்டது. பிறருடைய ஏகாதிபத்தியத்தை எதிர்த்தால் வீரம், தம்முடையதை எதிர்த்தால் துவேஷம் என்னும் இந்த விசித்திர நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். இன்று நாம் ஆராயப் புகுவது வேறொரு விஷயம்.

இச்சிலையைப் பார்த்தவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வெகுவாகப் பரவியிருக்கிறது. பண்டைக் கெல்டிய ஜாதியாரிடையே ஸ்திரீகள் ராணிகளாகவும் சேனைத் தலைவிகளாகவும் சுதந்திரமாக வாழ்ந்தார்கள் என்றும், ரோமாபுரி ஸ்திரீகளோ வீட்டுக்குள் அடைபட்ட அடிமைகளாய் இருந்தார்கள் என்றும் பலர் சொல்லுகிறார்கள். இது உண்மையா?

முதலில் சாட்சிகள் யார் என்று பார்ப்போம். பிரிட்டனிலும் காலியாவிலும் வாழ்ந்த கெல்டியர் தங்கள் சரித்திரத்தை எழுதிவைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் அவர்களை ஜயித்த ரோமரும், ரோமரைச் சார்ந்த கிரேக்கருமே. ரோம ஸ்திரீகளைப் பற்றி எழுதியவர்களும் பெரும்பாலும் புருஷர்களே. ஆகவே, வழக்கின் ஒரு கட்சியாரே இரு கட்சிக்கும் சாட்சி சொல்லுகிற வழக்கு இது. இத்தகைய சாட்சியத்தைக் குறுக்கு விசாரணையின்றி ஏற்பது நியாயமாகாது.

ரோமரின் சட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கி.மு. 450-ஐ ஒட்டி ஏற்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டப்படி, தகப்பன் இறந்த பின்னரும், வயது வந்த ஸ்திரீ ஒரு பாதுகாவலருக்குக் கீழ்ப்பட்டே இருக்கவேண்டும். வெஸ்டா தேவியின் கன்னிகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதற்குச் சொல்லப்பட்ட காரணம், ஸ்திரீகளின் சித்தம் உறுதியற்றது என்பதே. ஆனால் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கயஸ் என்னும் சட்ட நிபுணர், இக்காரணம் பார்வைக்கு அழகாயிருக்கிறதேயன்றி உண்மையன்று என்று துணிந்து எழுதினார். வயது வந்த ஸ்திரீகள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திவந்தார்கள். பல விவகாரங்களில் பாதுகாவலரின் சம்மதம் வெறும் சடங்காகிவிட்டது. கயஸின் அந்நூலைப் பல நூற்றாண்டுக் காலம் உலகம் இழந்திருந்தது. 1816-ல் இத்தாலியிலுள்ள வெரோனா நகரில், எழுத்துச் சுரண்டப்பட்டு, மேலே ஜெரோம் முனிவரின் கடிதங்கள் எழுதப்பட்டிருந்த தோலேடுகளின் அடியில் நீபூர் என்பவர் அதைக் கண்டெடுத்தார்.

அகஸ்டஸ் காலத்துச் சட்டங்களின்படி, மூன்று குழந்தைகளைப் பெற்ற சுதந்திர ஸ்திரீக்குப் பாதுகாவலர் வேண்டுவதில்லை. குடியரசின் பிற்காலத்திலேயே, மனைவி புருஷனுடைய அதிகாரத்துக்குட்படாத விவாகம் சாதாரணமாகிவிட்டது. அவ்விதம் விவாகமானவளின் ஆஸ்தி புருஷனுடைய ஆஸ்தியோடு கலவாது. இங்கிலாந்து தேசத்து மனைவி இந்தப் பாத்தியதையைப் பூரணமாகப் பெற்றது 1882-ம் வருஷத்துச் சட்டத்தினால்தான் என்பதை இங்கே நினைவு கூர்வது தகும்.

ஆனால் ஆஸ்தி வேறு, அதிகாரம் வேறு. ரோம ஸ்திரீக்கு எந்த உத்தியோகமும் இல்லை, வோட்டும் இல்லை. எனினும் அவள் வாய் மூடி இருந்தாளில்லை. யுத்த காலத்தில், கி.மு. 215-ல், ஸ்திரீகள் அரை அவுன்ஸுக்கு மேல் பொன் வைத்திருக்கக் கூடாதென்று ஒரு சட்டம் பிறந்தது. கி.மு. 195-ல் ஸ்திரீகள் வீதிகளில் திரண்டு, கேட்டோவின் கடும் எதிர்ப்பையும் மீறி அதை ரத்து செய்வித்தார்கள். கி.மு. 42-ல் 1,400 தனவந்த ஸ்திரீகள் மீது யுத்த வரி விதிக்க முயன்றபோது, ஹொர்டென்ஸியா என்பவள் பகிரங்கமாக எழுந்து பேசினாள். ஆட்சியில் பங்கில்லாதவர்கள் வரி ஏன் செலுத்தவேண்டும் என்பதே அவள் வாதம். வரிக்குரியவர்களின் தொகை 400 ஆகக் குறைந்தது.

நியாயஸ்தலத்தின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. கி.மு. 48-ல் இறந்த அஃப்ரானியா என்பவள் தன் வழக்குகளைத் தானே வாதாடிவந்தாள். ரோம ஆசிரியர்கள் அவளை நாணமற்றவள் என்று தூற்றினார்கள். ஸ்திரீகள் பிறருக்காக வாதாடக் கூடாதென்ற தடைக்கு அவளே காரணமென்று பின்னர் அல்பியன் என்னும் நிபுணர் எழுதினார். ஒருத்தியின் வாய்த்துடுக்குக்காக ஜாதி முழுவதற்கும் வாய்ப்பூட்டு! ஆண் வக்கீல்களில் வாய்த்துடுக்குள்ளவர்கள் எத்தனையோ பேர். அதற்காக எல்லா ஆண்களையும் எவரும் விலக்கவில்லை. ஸ்திரீகளுக்கு நியாயஸ்தலத்தின் கதவு பிரிட்டனில் 1919-லும், இந்தியாவில் 1923-லும்தான் சட்டப்படி திறந்தது. வக்கீல் தொழிலைச் சேர்ந்த எவரும் இதைப் படித்து நாணாதிருக்க முடியாது.

இனிக் கெல்டியரைப் பார்ப்போம். காலியா தேசத்தில் புருஷன் மனைவியின் சீதனத்துக்குச் சமமான தொகையைத் தன் பங்காகச் சேர்ப்பான் என்றும், இருவரில் பிழைத்திருப்பவர் முதலையும் லாபத்தையும் ஒருங்கே அடைவார் என்றும் ஸீஸர் எழுதுகிறார். நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் அடுத்தபடியாகவே, மனைவி மக்கள் மீது புருஷனுக்கு உயிர்ப்பறி அதிகாரம் உண்டென்றும் கூறுகிறார். முதல் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள் பலர்.

பௌடிக்காவின் புருஷன் பிரஸுடாகஸ், தன் இரு குமாரத்திகளையும் நீரோ சக்கரவர்த்தியையும் வாரிசுகளாக நியமித்து இறந்தான். ரோம உத்தியோகஸ்தர்கள் அந்த மரண சாஸனத்தை மதியாமல் ராஜ்யத்தைச் சூறையாடினார்கள். ராணியைச் சவுக்கால் அடித்தார்கள். குமாரத்திகளை மானபங்கம் செய்தார்கள். அதன் பலனாக மூன்று நகரங்கள் சாம்பலாயின. இதைச் சொல்லும் டாஸிடஸின் மாமனார் அக்காலத்தில் பிரிட்டனில் சேவகம் செய்தவராதலால், அவருடைய சாட்சியத்துக்கு மதிப்புண்டு. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து எழுதிய டியோ, ராணி நோயால் இறந்தாள் என்கிறார். டாஸிடஸோ விஷமுண்டு இறந்தாள் என்கிறார். அவள் வாயில் இருவரும் வைத்த வீரப் பிரசங்கங்கள் அவரவருடைய கற்பனையே. ஆயினும் ஓர் உண்மை எஞ்சுகிறது. ரோமருக்கு நண்பியாயிருந்து, கி.பி. 51-ல் கரடாகஸைக் காட்டிக்கொடுத்த கார்டிமாண்டுவாவும் தன் ஜாதியாரை ஆண்ட ராணியே. பகைவியும் ஆண்டாள், நண்பியும் ஆண்டாள் என்றால், பிரிட்டனில் ஸ்திரீ ஆள்வது அபூர்வக் கட்டுக்கதையன்று.

மண்ணும் சாட்சி சொல்லுகிறது. 1953-ல் பிரான்ஸ் தேசத்து விக்ஸ் கிராமத்தில், கி.மு. 500-ஐ ஒட்டிய ஒரு ஸ்திரீயின் சமாதி கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பொற்கண்டிகையும், 1.64 மீட்டர் உயரமும் 208 கிலோ எடையுமுள்ள வெண்கலப் பாண்டமும் இருந்தன. 2025 ஜனவரியில் வெளியான மரபணு ஆராய்ச்சியொன்று, தென் பிரிட்டனில் டுரோட்ரிகஸ் ஜாதியாரின் மயானத்தில் புதைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே தாய்வழியினர் என்று காட்டிற்று. அங்கே விவாகமானபின் இடம்பெயர்ந்தவன் புருஷனே. ஆனால் தாய்வீட்டில் வாழ்வது ஒன்று, அதிகாரம் செலுத்துவது மற்றொன்று. முன்னது பின்னதற்குத் துணை செய்யலாமேயன்றி ருசுவாகாது.

அயர்லாந்தின் பழைய சட்ட நூல்களைப் பார்த்தால் மயக்கம் இன்னும் தெளியும். இவை கி.பி. ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் எழுந்தவை. தம்பதிகள் சமமாக ஆஸ்தி சேர்த்து நடத்தும் விவாகத்துக்கு அவற்றில் இடமுண்டு. அதே சட்டங்களில், தகப்பன், கணவன், புத்திரர் என்று ஸ்திரீ ஒருவர் மாறி ஒருவர் காவலில் இருக்கவேண்டுமென்ற விதியும் உண்டு. மனு ஸ்மிருதியை அறிந்த நமக்கு இந்த விதி புதிதன்று. அதற்கும் மேலாக, அடிமைப்பெண்ணைக் குறிக்கும் ‘குமல்’ என்ற சொல்லே அங்கே ஆஸ்தியை மதிப்பிடும் அளவாக வழங்கிற்று. ராணிகள் ஆண்ட ஜாதியாரிடையே பெண்ணே நாணயமாகவும் இருந்தாள்!

ஆகவே, பொற்காலம் எங்கும் இருந்ததில்லை. ரோமாபுரி ஆஸ்தியைக் கொடுத்து அதிகாரத்தை மறுத்தது. கெல்டியர் சிலருக்குச் சிம்மாசனம் கொடுத்தார்கள், பலரைக் காவலில் வைத்தார்கள். ஒரு தேசத்து ஸ்திரீகளின் நிலையை அதன் ராணிகளைக் கொண்டு அளப்பது, அத்தேசத்தின் செல்வத்தை அரண்மனையைக் கொண்டு அளப்பதற்கு ஒப்பாகும். சாதாரண ஸ்திரீயின் கையில் ஆஸ்தி உண்டா, நியாயஸ்தலத்தில் அவள் குரலுக்கு இடமுண்டா, அவளை ஆளும் சபையில் அவளுக்குப் பங்குண்டா என்று கேட்கவேண்டும். பண்டை ஜாதியாரை இவ்விதம் விசாரிப்பவர்கள், அதே கேள்விகளைத் தங்கள் வீட்டு வாசலிலும் கேட்டுக்கொள்வார்களாக.