மின்னி மறைந்த சன்னல்

அறிவியல் கண்காட்சிக்கு முதல்நாள். ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடப் பைத்தான் மொழியில் நான் எழுதிய நிரலை, விண்டோஸ் கணிப்பொறியில் இருமுறை சொடுக்கினேன். கருப்புச் சன்னல் ஒன்று மின்னி மறைந்தது. ஏன்?

பிழைச் செய்தி வந்தது. படிப்பதற்குள் சன்னல் மூடிக்கொண்டது! எனவே கட்டளைச் சன்னலை முதலில் திறந்து, அதிலிருந்து நிரலை ஓட்டினேன். இப்போது செய்தி நிலைத்து நின்றது. இதைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கடைசி வரி பிழையின் வகையைச் சொல்லும். மேலுள்ளவை பிழை நேர்ந்த இடத்தைக் காட்டும்.

கடைசி வரியில் 'வேல்யூ எரர்' என்றிருந்தது. கோப்பில் ஊசலின் நீளத்தை '98.5 செ.மீ.' என அலகோடு எழுதியிருந்தேன். எழுத்துக் கலந்ததை நிரலால் எண்ணாக மாற்ற முடியவில்லை. அலகை நீக்கியதும் 1.99 விநாடி என்று விடை வந்தது!

மாணவர்களே, ஊகித்துப் பல இடங்களைத் திருத்தாதீர்கள். செய்தியைப் படித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள்.