சக்கரத் தடங்கள் – 9: ரப்பரைத் தின்னும் தீவு

சென்ற வாரம் மேன் தீவின் ஊர்ச்சாலைகளில் நடக்கும் பந்தயத்தைப் பார்த்தோம். இந்த வாரமும் ஒரு தீவுதான், ஆனால் பூமியின் மறுகோடியில். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தென்கிழக்கே, பாஸ் நீரிணையை ஒட்டிக் கிடக்கிறது பிலிப் தீவு. பொழுது சாய்ந்ததும் கரையேறி வரும் குட்டிப் பென்குயின்களைப் பார்க்க இங்கே ஒரு கூட்டம் வரும். பைக் பந்தயம் பார்க்க இன்னொரு கூட்டம். 1928-இல் இத்தீவின் சரளைச் சாலைகளில் நடந்த 100 மைல் பந்தயத்தைத்தான் முதல் ஆஸ்திரேலிய கிராண்ட் பிரி என்று பின்னாளில் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். சின்னஞ்சிறு ஆஸ்டின் 7 காரை ஓட்டி அதில் வென்றவர் ஆர்தர் வெயிட். பந்தயத்துக்கென்றே போட்ட தடம் 1956-இல் வந்தது. சூப்பர்பைக் உலக சாம்பியன்ஷிப் 1990 முதல் ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக இங்கே வந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஆண்டின் முதல் மோதலே இங்குதான்.

கடலை நோக்கிச் சரியும் நேர்ப்பாதை, 250 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் மூன்றாம் வளைவு, குறுக்கே பறந்து வரும் கடற்புறா என்று இந்தத் தடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகத்தையும் காட்சியையுமே எழுதுகிறார்கள். 2015 மோட்டோஜிபி பந்தயத்தில் ஒரு கடற்புறா ஆண்ட்ரியா இயானோனேயின் பைக்கில் வந்து மோதியது. அப்படியும் அவர் மூன்றாவதாக முடித்தார். சுவாரசியமான செய்திகள்தான். ஆனால் இங்கே வெற்றியைத் தீர்மானிப்பது வேறொன்று: பின்சக்கர டயரின் இடது விளிம்பு. அதைக் கடைசிச் சுற்று வரை காப்பாற்றுகிறவரே பிலிப் தீவில் ஜெயிக்கிறார். அதனால்தான், டயர் தாங்காது என்று பயந்து சில ஆண்டுகளில் கொண்டுவந்த கட்டாய பிட் நிறுத்தம் தவறான மருந்து என்கிறேன். டயர் தாங்காவிட்டால் சுற்றுகளைக் குறைக்கலாம். வீரரை வலுக்கட்டாயமாக நிறுத்தி டயர் மாற்றவைக்கக் கூடாது.

தடத்தின் நீளம் 4.445 கிலோமீட்டர். பைக்குகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடுகின்றன. மொத்தம் 12 திருப்பங்கள். 7 இடப்பக்கம், 5 வலப்பக்கம். எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். வித்தியாசம் திருப்பங்களின் நீளத்தில் இருக்கிறது. தெற்கு லூப் எனப்படும் இரண்டாம் திருப்பமும், கடைசியில் நேர்ப்பாதைக்குக் கொண்டுவிடும் பதினொன்றும் பன்னிரண்டும் நீண்ட இடப்பக்க வளைவுகள். பைக் இடப்பக்கமாகப் படுத்தே கிடக்கிறது, வீரர் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்கிறார், எஞ்சினின் மொத்த பலமும் டயரின் இடது ஓரத்தில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு பட்டையின் வழியாகத் தரையில் இறங்குகிறது. அந்தப் பட்டை சூடேறுகிறது, குளிர நேரமில்லை, அடுத்த சுற்றில் மேலும் சூடேறுகிறது. கடைசியில் ரப்பரில் கொப்புளம் கிளம்புகிறது. வலது ஓரத்துக்கோ நேர்மாறான தொல்லை. கடற்காற்றில் அது ஆறிப்போய்விடும். நான்காம் திருப்பத்தில் திடீரென்று வலப்பக்கம் சாய்க்கும்போது முன்சக்கரம் பிடிப்பில்லாமல் வழுக்கும். ஒரே டயர், ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் குளிர்பெட்டி.

அப்படியானால் கெட்டியான ரப்பரில் டயர் செய்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கெட்டி ரப்பர் இந்தக் குளிர்காற்றில் வலப்பக்கம் சூடேறாது. அதற்காகத்தான் மோட்டோஜிபியில் இடப்பக்கம் கெட்டியும் வலப்பக்கம் மிருதுவுமாக இரண்டு கலவைகளைச் சேர்த்து டயர் செய்கிறார்கள். அப்படிச் செய்தும் 2013-இல் மானம் போனது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் தடத்துக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். புதுத் தாரில் பிடிப்பு அதிகம்; பிடிப்பு அதிகமென்றால் வேகம் அதிகம், வேகம் அதிகமென்றால் சூடு அதிகம். சாலை நன்றாக இருந்ததுதான் டயருக்கு எமனாயிற்று. (இதே தடம் 1962-இல் மூடப்பட்டதற்குக் காரணம் சாலை பெயர்ந்துபோனது. தார் போடும் கனரக இயந்திரங்களைத் தாங்கும் வலு தீவின் பழைய பாலத்துக்கு இல்லை. அடுத்த ஆண்டே, அதுவரை இங்கே நடந்துவந்த 500 மைல் கார் பந்தயம் பாத்தர்ஸ்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டது.)

2013-இல் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 27 சுற்றுப் பந்தயத்தை 19 ஆகக் குறைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஒரு டயரில் 10 சுற்றுக்கு மேல் போகக் கூடாது, நடுவில் வந்து பைக்கை மாற்றியே தீர வேண்டும் என்று ஒரு விதியையும் போட்டார்கள். மார்க் மார்க்வெஸின் அணி சுற்றுகளை எண்ணியதில் தப்பு நேர்ந்தது. அவர் ஒரு சுற்று தாமதமாக உள்ளே வந்தார், கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றினார்கள். ஹோர்ஹே லொரென்சோ வென்றார், 43 புள்ளியாக இருந்த மார்க்வெஸின் முன்னிலை ஒரே நாளில் 18 ஆகச் சரிந்தது. உலக சாம்பியன் பட்டத்தையே அசைத்துப் பார்த்த அந்தத் தண்டனைக்கு மார்க்வெஸின் ஓட்டத்தில் ஒரு குறையும் காரணமில்லை. பிட் சுவருக்குப் பின்னால் யாரோ விரல்விட்டு எண்ணியது பிசகிவிட்டது, அவ்வளவுதான்.

சூப்பர்பைக்கிலும் கதை அதே. 2018-இன் இரண்டாவது பந்தயத்தில் கட்டாய நிறுத்தம். 2023 இறுதியில் மறுபடியும் புதுத் தார். 2024-இல் மறுபடியும் கட்டாய நிறுத்தம். இங்கே என் வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு சான்று இருக்கிறது. 2018-இன் அந்தப் பந்தயத்தில் மார்கோ மெலாந்த்ரி, ஜானதன் ரியாவை முந்தியது வெறும் 0.021 விநாடியில். நிறுத்தவைத்தும் பந்தயம் விறுவிறுப்பாகத்தானே இருந்தது? இருந்தது. ஆனால் அந்த விறுவிறுப்பைக் கொடுத்தது விதி அல்ல, தடம். பன்னிரண்டாம் திருப்பத்திலிருந்து முடிவுக் கோட்டை நோக்கி வரும்போது முன்னால் போகிறவர் காற்றைத் தனியே கிழிக்கிறார். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் அந்த மறைவில் வேகம் சேர்த்து கடைசி நொடியில் வெளியே வருகிறார். எந்த நிறுத்தமும் இல்லாமலே 2010-இல் லியோன் ஹாஸ்லம் 0.004 விநாடியில் வென்றார். 2020-இன் முதல் பந்தயத்தில் டோப்ராக் ரஸ்காட்லியோலு 0.007 விநாடியில் வென்றார்; மூன்றாவதாக வந்தவரும் 0.041 விநாடிக்குள்தான். டயரைக் காத்துக்கொண்டு எல்லோரும் கூட்டமாகவே வருவதால்தான் கடைசிச் சுற்றில் இத்தனை பேருக்கு வாய்ப்பு மிஞ்சுகிறது.

2019-ஐக் காட்டி இன்னொருவர் மறுக்கலாம். அந்த ஆண்டு அல்வாரோ பௌதிஸ்தா தன் முதல் சூப்பர்பைக் பந்தயத்திலேயே ஏறத்தாழ 15 விநாடி இடைவெளியில் வென்றார். கூட்டம், காத்திருப்பு எதுவும் இல்லை. என் பார்வையில் இது விதிவிலக்கே அல்ல. புதிய டுகாட்டியின் பலமும் ஒல்லியான வீரரின் குறைந்த எடையும் சேர்ந்ததில், மற்றவர்கள் டயரைச் செலவழித்துத்தான் எட்ட முடிந்த வேகத்தை அவரால் டயரை வருத்தாமலே எட்ட முடிந்தது. எடை அற்ப விஷயமாக இருந்திருந்தால், வீரரின் எடையையும் பைக்கோடு சேர்த்துக் கணக்கிடும் விதியை 2024-இல் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

வேகமாகப் போகத் தெரிந்தும் மெதுவாகப் போவது பந்தயமா என்று கேட்பவர்களும் உண்டு. ஓரளவு நியாயமான கேள்விதான். இருபது சுற்றுகளில் பதினைந்தை ஒருவர் அடக்கி வாசித்தால் பார்க்கிறவருக்குச் சலிப்பு வரும். ஆனால் அந்த அடக்கத்தில்தான் திறமை தெரிகிறது: எந்த வளைவில் பைக்கைச் சற்று முன்பே நிமிர்த்துவது, எங்கே முறுக்கைத் தளர்த்துவது, யாரை முன்னால் விட்டுப் பின்னால் போவது எல்லாமே வீரரின் கையில். புது டயர் நடுவழியில் கிடைக்கும் என்று தெரிந்த அன்றே இந்தக் கணக்கில் பாதி போய்விடுகிறது. பாதுகாப்பு முக்கியம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. டயர் 16 சுற்றுதான் தாங்குமென்றால் பந்தயம் 16 சுற்றாக இருக்கட்டும். பாதுகாப்பும் கிடைக்கும், ரப்பரோடு மல்லுக்கட்டும் வேலையும் வீரரிடமே இருக்கும். தொலைக்காட்சி நேரம் சில நிமிடங்கள் குறையும், குறையட்டும்.

அடுத்த வாரம், பிலிப் தீவு பறிகொடுத்த 500 மைல் பந்தயத்தைச் சுவீகரித்துக்கொண்ட மலைத்தடமான பாத்தர்ஸ்ட்.

(தொடரும்)