சாமியைப் பார்ப்பதா, வண்டியைப் பார்ப்பதா?

எங்கள் பந்தல்குடியில் தள்ளுவண்டி என்றால் சுண்டல் வண்டிதான். அதில் குழந்தையை உட்கார வைத்துத் தள்ளினால் நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நம் கவலையே வேறு. மொட்டை போட இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறோம். அந்தக் கூட்டத்தில் வண்டி நுழையாது. வெளியே விட்டால் திரும்பி வரும்போது இருக்குமா? செருப்பை வாசலில் விட்டவனுக்கே பாதி மனசு செருப்பில்தானே சார் இருக்கும்!

ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமான இன்ஜினீயர், குடை மாதிரி மடங்கும் குழந்தை வண்டிக்கு 1965-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நமக்குத் தூக்க வசதி. திருடனுக்கும் அதே வசதி!

மாட்டினால்? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 303-வது பிரிவு: திருட்டுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில். ஆனால், பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை, திருப்பியும் கொடுத்தாச்சு என்றால் சமூக சேவை மட்டும்தான்.

எனவே, சைக்கிள் செயின் போட்டுக் கம்பத்தோடு பூட்டுங்கள். பையை வண்டியில் விடாதீர்கள். தேங்காய்க் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அதற்கு மேல் கவலைப்படாதீர்கள். நான் பி.காம். தேய்மானக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிள்ளை ஓட ஆரம்பித்த அன்றே வண்டியின் மதிப்பு பூஜ்யம்! வண்டியையே திரும்பித் திரும்பிப் பார்த்தால், கூட்டத்தில் பிள்ளையின் வெள்ளி அரைஞாண் போவது தெரியாது. ஏன், பிள்ளையே கை நழுவலாம். கண் அங்கே இருக்கட்டும்.

வண்டி போனா போகுது. இடுப்பு இருக்கில்ல? அதை எவனும் தள்ளிக்கிட்டுப் போக முடியாது!