காட்டுக் காளான்: சந்தேகம் இருந்தால் சட்டியில் ஏற்றாதீர்கள்

2022 ஏப்ரலில் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். நம் ஊர்களிலும் மழை பெய்து இடி இடித்தால் காளான் தேடிக் கிளம்புகிறோம். எனவே இது நம்மையும் தொடும் செய்தி.

எதைப் பார்க்க வேண்டும்?

நாம் விரும்பி உண்ணும் புற்றுக் காளானின் தண்டு, வேர்போல நீண்டு மண்ணுக்கடியில் உள்ள கறையான் கூடுவரை இறங்கும். கொடிய நஞ்சுள்ள அமானிட்டா வகைகளில் குடையின் அடிமடிப்புகள் வெள்ளையாக இருக்கும். தண்டில் பாவாடைபோல் ஒரு வளையமும், அடியில் கிண்ணம் போன்ற உறையும் இருக்கும். அந்த உறை மண்ணுக்குள் மறைந்திருப்பதால், கிள்ளிப் பறிப்பவர் கண்ணில் படாது. எனவே அடியோடு தோண்டிப் பாருங்கள். புல்வெளியில் முளைக்கும் இன்னொரு நச்சுக் காளானின் மடிப்புகள் இளசாக இருக்கையில் வெள்ளையாக இருந்து, முற்றியதும் பச்சையாக மாறும். ஒரே ஓர் அடையாளத்தை வைத்து எதையும் உண்ணத் தக்கது என்று முடிவு செய்யாதீர்கள்.

நம்பக் கூடாதவை

நச்சுக் காளானோடு சேர்த்துச் சமைத்தால் வெள்ளிக்காசு கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பதெல்லாம் தவறு. அமானிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும், வறுத்தாலும், உலர்த்தினாலும் அழியாது.

சாப்பிட்டுவிட்டால்?

இந்த நஞ்சின் அறிகுறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தெரியும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, பிறகு குணமானது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். ஆகவே வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கைவைத்தியம் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரும், அறிகுறி இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மீந்த காளானைக் காகிதத்தில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். சாப்பிட்ட நேரத்தைச் சொல்லுங்கள். தில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

உங்கள் உரிமை

உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலில் பணம் கட்டச் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

குழந்தைகள் பறித்து வரும் காளானையும், பறித்த இடம் தெரியாமல் சாலையோரத்தில் விற்கும் காளானையும் சமைக்காதீர்கள். அடையாளம் உறுதியாகத் தெரியாத காளானைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.