உங்களுக்குத் தெரியுமா? இருமல் சிரப்புக்குள் ஆடாதோடை!

வேலியோரம் தழைத்து நிற்கும் ஆடாதோடையை ஆடுகூடச் சீண்டாது; அவ்வளவு கசப்பு. சங்கதியே அந்தக் கசப்பில்தான் இருக்கிறது. இலையிலுள்ள வாசிசின் என்ற அல்கலாய்டு, இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தி விரிக்கக்கூடியது. அதன் வேதி அமைப்பைப் பின்பற்றித்தான் ஜெர்மனியில் பிராம்ஹெக்சின் என்ற மருந்து உருவானது. 1960களில் விற்பனைக்கும் வந்தது. பிராம்ஹெக்சின் உடலுக்குள் போய் ஆம்ப்ராக்சாலாக மாறுகிறது. பிறகு அதுவே தனி மருந்தானது. இரண்டுமே கெட்டிச் சளியை இளக்குபவை. வீட்டிலுள்ள சிரப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், ஏதாவது ஒன்றின் பெயர் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வாசிசின் கருப்பையையும் சுருங்கச் செய்யும். ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்று கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்க வேண்டாம்.