மாத்தளையின் வெயிலும் மக்கள் வெள்ளமும்

மலைநாடு என்றதும் பனிமூட்டத்தையும் குளிர்காற்றையும் எதிர்நோக்கி வருவோர்க்கு மாத்தளை வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. கண்டிக்கு வடக்கே, ஏறத்தாழ 25 கிலோ மீட்டர் தொலைவில், குன்றுகளுக்கிடையே கிடக்கும் இந்நகரில் மாசி மாதத்து நண்பகல் வெயில் மண்டையைப் பிளக்கின்றது. தம்புள்ளையிலிருந்து புறப்பட்ட பஸ் வண்டியில், நாவுலையும் நாலந்தாவும் கடந்து, நின்றவாறே பயணஞ்செய்து நான் வந்திறங்கியதும் அத்தகையதொரு நண்பகலிலேதான்.

பஸ் நிலையத்திலிருந்து பிரதான வீதியை அடைவதே பெரும்பாடு. மிளகும் கராம்பும் மணக்கும் கடைகள். முச்சக்கர வண்டிகளின் ஓயாத இரைச்சல். தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வந்த தாய்மார். அவர்தம் முந்தானையைப் பற்றியபடி வரும் சிறுவர். சிங்களத்தில் தொடங்கும் பேரம் தமிழில் முடிகின்றது. தோளோடு தோள் உராயாமல் பத்தடி நடக்க இயலாது.

நெரிசலுக்கு ஒதுங்கி முத்துமாரியம்மன் கோயிலை அடைந்தேன். 108 அடி உயர்ந்து நிற்கும் இராஜகோபுரத்தின் நிழல் அவ்வேளை பெரும்பேறாக இருந்தது. மரத்தடி வழிபாடாகத் தொடங்கி, 1874-ல் கோயிலாக எழுந்தது இத்தலம். 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின் தீ இதனையும் விட்டுவைக்கவில்லை. ஆயினும் மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வருகையில், நான் கண்ட நெரிசல் ஒரு பொருட்டே அன்று என்பர் ஊரார்.

இத்தனை மக்கள் இவ்விடத்தில் வந்து சேர்ந்தது எவ்வாறு? நான் வந்த வழியே அதற்கு விடை கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து கடல் கடந்தவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகளினூடே தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளையை அடைந்தனர். அவர்களுக்கு இந்நகரமே மலைநாட்டின் வாயில். குடிநீரின்றியும், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880-லேதான். சில மணி நேரம் என்னை வாட்டிய இவ்வெயிலை அவர்கள் பல நாள் தலையிற் சுமந்து நடந்தனர். பஸ் வண்டியின் சாளரத்தினூடே நோக்குபவனுக்கு அந்த நடை புலப்படுவதில்லை.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28-ல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் நிறைவெய்தியது. முன்னோர் நடந்த வழியைப் பேரர்கள் மீண்டும் காலால் அளந்தனர். நிலவுரிமையும் சம உரிமையும் இன்னும் முழுமையாகக் கைகூடாத ஒரு சமூகத்தின் குரலாகவும் அந்நடை அமைந்தது.

நகரிலிருந்து சில கிலோ மீட்டர் வடக்கே அலுவிகாரை இருக்கின்றது. வாய்மொழியாகவே வழங்கிவந்த பௌத்த திரிபிடகம், பஞ்சத்தாலும் போராலும் அழிந்துவிடுமோ என்று அஞ்சிய பிக்குகளால், கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்குதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. நினைவை மட்டுமே நம்பியிருத்தல் ஆபத்து என்று அன்றே உணர்ந்த மண் இது.

அம்மண்ணிலேயே வாழும் நம் தோட்டத்து முதியோரின் நினைவுகளோ பெரும்பாலும் வாய்மொழியாகவே உள்ளன. பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தான், வழியில் யாரைப் புதைத்தான், எந்தப் பாட்டைப் பாடிக் களைப்பாறினான் என்பவற்றை அறிந்தோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஆசிரியர்கள் தம் மாணவரிடம் கட்டுரைப் பயிற்சியாக இதனையே தரலாம்: வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி வருக. ஏடும் எழுத்தாணியும் வேண்டா. ஓர் அப்பியாசப் புத்தகமும் பொறுமையுள்ள செவியும் போதும்.